பாசி எண்ணெயும் கொழுந்து உலையும்

ஊவா மலைகளின் கதை: தொடர்

1924 ஏப்ரல் 5ஆம் திகதி பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்ததோடு சென்ற அத்தியாயம் நின்றது. அரிசி மூட்டையும் உர மூட்டையும் இரும்பும் அந்தப் பாதையில் மலையேறின. தேயிலைப் பெட்டிகள் இறங்கின. தேயிலை செய்ய இன்றியமையாத ஒன்றை மட்டும் தோட்டங்கள் ரயிலை நம்பாமல் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அது சூடு. கொழுந்தை வாட்டவும் காய வைக்கவும் வேண்டிய சூட்டை ஒவ்வொரு தோட்டமும் பெரும்பாலும் தன் எல்லைக்குள்ளேயே வெட்டி, சுமந்து, எரித்துப் பெற்றது. விறகில் தொடங்கி, உலை எண்ணெய்க்குப் போய், மறுபடியும் விறகுக்கே திரும்பிய அந்தத் தேடலில் அண்மைக் காலத்தில் ஒரு புதுப் பெயரும் சேர்ந்திருக்கிறது: பாசி.

முதலில் உலையின் பசியைப் பார்த்துவிடலாம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இடையில் காணாமற்போகும் மூன்றரைக் கிலோவும் தண்ணீர். அதில் ஒரு பகுதியை வாட்டும் மாடியிலேயே காற்று கொண்டுபோய்விடும். பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடிகளுக்கு அத்தனை ஜன்னல்கள் வைத்தது அதற்காகத்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட கச்சான் காற்று தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கிறது என்பதை உலகச் சந்தை அறியும். அதே காற்று வாட்டும் வேலையில் பாதியைக் கூலியில்லாமல் செய்து கொடுத்தது என்பதை டீ மேக்கர்கள் அறிவார்கள். மீதி ஈரத்தை ட்ரையர்தான் விரட்ட வேண்டும். ஏறக்குறைய 100 பாகை சூட்டில் காற்றை ஊதி, இலையின் ஈரத்தை 3 வீதம் அளவுக்கு இறக்க வேண்டும். இதற்கு ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோ வரை விறகு செலவாகிறது. நாடு ஆண்டுக்கு 25 கோடி கிலோ தேயிலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், குறைந்த கணக்கிலேயே 37 கோடி கிலோ விறகு சாம்பலாகிறது.

அந்த விறகு எங்கிருந்து வந்தது? ஆரம்பத்தில் காட்டிலிருந்து. கோப்பிக்காக வெட்டிய காடுகளில் எரித்ததுபோக எஞ்சியது ஏராளம். 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. இலங்கையில் கோப்பித் துரு முதன்முதலில் பதிவானது இந்த ஊவா மலையில்தான். அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி சாய்ந்து தேயிலை எழுந்தது. கோப்பிக்கு வெயிலே போதும், களத்தில் பரப்பினால் காய்ந்துவிடும். தேயிலையோ நெருப்பில்லாமல் தேயிலை ஆகாது. 1890இல் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் தோமஸ் லிப்டன் தொழிற்சாலை கட்டிய காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காடுகளை வெட்டக்கூடாது என்ற 1873ஆம் ஆண்டின் தடை நடைமுறையில் இருந்தது. மேலே கை வைக்க முடியாது; கீழே இருந்த காடு தேயிலையாகிவிட்டது. எனவே தோட்டங்கள் தங்கள் விறகைத் தாமே நட்டு வளர்க்கத் தொடங்கின. தோட்டத்தார் டர்பன்டைன் என்று அழைக்கும் யூக்கலிப்டஸ், நிழலுக்கும் நின்று விறகுக்கும் விழும் கிரெவிலியா, இவை தேயிலைக்கு உதவாத மண்ணிலும் பத்தனைப் புல்வெளியிலும் ஏறின. லயத்து அடுப்புகளுக்கோ இந்த மரங்களில் பங்கு குறைவு. கவ்வாத்துக் காலத்தில் வெட்டிப்போட்ட மிலாறுதான் அங்கே சோறு பொங்கியது. தொழிற்சாலைக்கு ஒரு எரிபொருள், தொழிலாளிக்கு வேறொரு எரிபொருள் என்ற இந்தப் பிரிவினை இன்றும் மறையவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எண்ணெய் மலிந்தது. உலை எண்ணெயில் ஓடும் ட்ரையர்கள் வந்தன. அவற்றுக்கு விறகு பிளக்க ஆள் வேண்டாம், சூட்டையும் திருகி வைத்துக்கொள்ளலாம். அதே காலத்தில் தேசிய மின்சாரமும் மலையேறியது. ஓடைகளில் தோட்டங்களே பொருத்தியிருந்த சிறு நீர்ச் சுழலிகள் துருப்பிடிக்க விடப்பட்டன. 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. ஒரு பீப்பாய் சுமார் 3 டொலராக இருந்தது சில மாதங்களில் 12 டொலரை நெருங்கியது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றபோது, தேயிலையோடு சேர்த்து இந்த எண்ணெய்ச் சீட்டையும்தான் பொறுப்பேற்றது. உலைகள் ஒவ்வொன்றாக விறகுக்குத் திரும்பின. மூலையில் கிடந்த நீர்ச் சுழலிகளைத் துடைத்து ஓடவிடும் முயற்சிகளும் 1980களில் நடந்தன.

அந்த எண்ணெய் அதிர்ச்சி ஊவாவைப் பின்னோக்கித் திருப்பியது. அமெரிக்காவை ஒரு குளத்துக்குள் எட்டிப் பார்க்க வைத்தது.

பாசியில் கொழுப்பு இருப்பது அப்போதே பழைய செய்தி. 1942இல், போருக்கு நடுவே கொழுப்புப் பஞ்சத்தில் இருந்த ஜேர்மனியில், ஹார்டர், வொன் விட்ஷ் என்ற இருவர் நுண்பாசிகளை வளர்த்துக் கொழுப்பு எடுக்கலாம் என்று எழுதினார்கள். 1978இல், ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியாக இருந்தபோது, அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் ‘நீர்வாழ் இனங்கள் திட்டம்’ என்ற பெயரில் அதை முறையான ஆய்வாக்கியது. கொலராடோவில் இருந்த சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம் அதை நடத்தியது. ஏரி, உப்பங்கழி, பாலைவனக் குட்டை என்று தேடி ஏறத்தாழ 3,000 பாசி வகைகளைச் சேகரித்து, அவற்றில் 300 அளவில் தேறியவை என்று ஒதுக்கினார்கள். 18 ஆண்டுகளில் செலவு இரண்டரைக் கோடி டொலர். பெரிய அரசாங்கம் ஒன்றுக்கு இது சில்லறை என்றாலும், இத்துறையில் இன்றுவரை பேசப்படும் அடிப்படைப் பாடங்களில் பாதி அந்தச் சில்லறையில் வாங்கியவை.

பாசியின் பலம் என்ன? அதற்கு வேரும் இல்லை, தண்டும் இல்லை. ஒரே உயிரணு, பெறும் வெயிலையெல்லாம் தன்னைப் பெருக்கிக்கொள்ளவே செலவிடுகிறது, ஒரு நாளில் இரட்டிக்கும் வகைகளும் உண்டு. வயல் மண் தேவையில்லை. உப்பு நீரிலும் கழிவு நீரிலும் வளரும். ஒரு கிலோ உலர்பாசி உருவாக ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயுவை உண்கிறது. எனவே புகைபோக்கி வீணாக்குவது அதற்கு உணவு. ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் விளைந்து, அதில் கால்பங்கு எண்ணெய் என்று அடக்கமாகக் கணக்குப் போட்டாலே ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 9 தொன் எண்ணெய் வரும். எண்ணெய்ப் பனை தருவது அதில் பாதியளவுதான். 2021 ஏப்ரலில் இலங்கை எண்ணெய்ப் பனைப் பயிர்ச்செய்கையைத் தடைசெய்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

பலவீனத்தைக் கண்டுபிடித்த இடம் நியூ மெக்ஸிகோவின் ரொஸ்வெல். பறக்கும் தட்டுக் கதைக்குப் பேர்போன அந்த ஊரில் 1980களின் இறுதியில் ஆயிரம் சதுர மீற்றர் குளங்களை வெட்டினார்கள். ஓட்டப்பந்தயப் பாதைபோல் வளைந்த, முழங்கால் ஆழம்கூட இல்லாத குளங்கள். துடுப்புச் சக்கரம் நீரைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். நல்ல நாளில் சதுர மீற்றருக்கு 50 கிராம் வரை விளைந்தது. ஆனால் பாலைவன இரவின் குளிர் சராசரியை 10 கிராம் அளவுக்கு இழுத்துப் போட்டது. ஆய்வுகூடத்தில் தேர்ந்தெடுத்த கொழுத்த பாசியைக் குளத்தில் விட்டால், அந்த ஊர்ப் பாசி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. நைட்ரஜனைக் குறைத்துப் பட்டினி போட்டால் பாசியின் உடலில் எண்ணெய் கூடுகிறது, ஆனால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. கூட்டிக் கழித்தால் இலாபமில்லை. 1996இல் கச்சா எண்ணெய் மலிந்து கிடந்தது. திட்டத்தை மூடினார்கள்.

2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலரைத் தொட்டதும் பழைய கோப்புகள் தூசி தட்டப்பட்டன. 2009இல் எக்ஸன்மொபில், கிரெய்க் வென்டரின் சிந்தெட்டிக் ஜினோமிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 60 கோடி டொலர் வரை செலவிடுவதாக அறிவித்தது. வென்டர் மனித மரபுத்தொகுதியை வாசித்தவர். பாசியின் மரபணுவைத் திருத்தி எழுதுவது அவருக்குப் பெரிய காரியமா என்று பலரும் நினைத்தார்கள். 2013இலேயே இலக்கு அடிப்படை ஆய்வுக்குச் சுருங்கியது. 2023இல் எக்ஸன் கையை உதறியது. சொலசைம் என்ற கலிபோர்னியக் கம்பனியின் கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் பாசியை வெயிலில் வளர்க்கவேயில்லை. இருட்டுத் தொட்டியில் சர்க்கரை ஊட்டி வளர்த்தார்கள். 2011இல் அமெரிக்கக் கடற்படை, சமையல் எண்ணெய்க் கழிவிலிருந்தும் பாசியிலிருந்தும் செய்த எரிபொருள் நாலரை இலட்சம் கலனை 1 கோடியே 20 இலட்சம் டொலருக்கு வாங்கியது. கலனுக்கு ஏறத்தாழ 26 டொலர். போர்க்கப்பலைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் கட்டுப்படியாகாத விலை. 2017இல் அந்தக் கம்பனி வேறு பெயரில் வங்குரோத்தானது.

பக்கத்து நாட்டிலும் முயன்றார்கள். குஜராத் பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் உப்பளச் சூழலில் வளரும் பாசியிலிருந்து டீசல் எடுத்து, 20 வீதம் கலந்து, 2012இல் ஒரு வாகனத்தை ஓட்டிக் காட்டியது. வண்டி ஓடும் என்பது நிரூபணமானது. வியாபாரம் ஓடும் என்பது நிரூபணமாகவில்லை. தமிழகத்தில் பாசி வேறு வழியில் பிழைத்துக்கொண்டது. சென்னையில் முருகப்ப செட்டியார் ஆய்வு மையத்தில் சி.வி. சேஷாத்ரி, ஏழைக் குழந்தைகளின் சத்துணவாக ஸ்பிருலினாவை வளர்க்கும் எளிய முறைகளைத் தேடினார். பின்னர் புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனத்தின் பெருங்குளங்கள் வந்தன. இன்று ஸ்பிருலினா மருந்துக்கடையில் மாத்திரையாகக் கிராம் கணக்கில் விற்கிறது. ராணிப்பேட்டையில் அல்ஜினேட் ஆலை ஒன்றின் அமிலக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வேலையிலும் நுண்பாசி இறங்கியது. மாத்திரை விலை கிடைக்கும் சரக்கை டீசல் விலைக்கு விற்க எவரும் முன்வராததில் ஆச்சரியமில்லை.

ஊவாத் தோட்டங்களுக்கும் பாசி அந்நியமில்லை. ஈர மலைகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் செம்மஞ்சளாகப் படிந்திருப்பது ஒருவகைப் பாசி. நலிந்த தேயிலைச் செடியில் வரும் சிவப்புத் துரு நோய்க்கும் காரணம் பாசிதான், பூஞ்சணம் அன்று. ஆக, இம்மலையில் பாசிக்கு இதுவரை கிடைத்த பெயர் நோய் என்பதே. அதை எரிபொருளாக்க முனைந்தால் எப்படியிருக்கும்?

நாளொன்றுக்கு 1,000 கிலோ தேயிலை செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அது எரிக்கும் இரண்டு தொன் விறகின் வெப்பத்துக்கு ஈடு, ஏறக்குறைய ஒன்றரைத் தொன் உலர்பாசி. ரொஸ்வெல் சராசரிப்படி அதை விளைவிக்க 15 ஹெக்டேயர், அதாவது 37 ஏக்கர் குளம் வேண்டும். அதுவும் சமதரையாக. நமுனுகுலைச் சரிவிலோ அப்புத்தளை விளிம்பிலோ 37 ஏக்கர் சமதரையைக் காட்டுபவருக்குத் தோட்டத்தையே எழுதிக் கொடுக்கலாம். சரிவை வெட்டிப் படிகளாக்கி நீரைத் தேக்கலாமே என்று கேட்பவர்கள் கொஸ்லாந்தை மீரியபெத்தையை மறக்கக்கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மழையில் ஊறிய மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அத்தகைய மலையின் தலையில் நீர்த் தொட்டிகளை ஏற்றுவது திட்டமன்று, குற்றம்.

அடுத்தது உரம். பாசியின் உலர் எடையில் நைட்ரஜன் சுமார் 7 வீதம். ஒன்றரைத் தொன் பாசிக்கு நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் நைட்ரஜன். யூரியாக் கணக்கில் 50 கிலோ மூட்டை நான்குக்கும் அதிகம், ஞாயிறு விடுமுறையில்லாமல். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அது விலக்கப்படும் வரை தேயிலைக்கே உரமில்லாமல் தவித்த மலையகத்தில், குளத்துக்கு நாளொன்றுக்கு நான்கு மூட்டை என்று எந்தத் துரையும் கையெழுத்திட மாட்டார்.

ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய தடையை ஒரு டீ மேக்கர் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார். தண்ணீரை விரட்டும் செலவு. கொழுந்து தொழிற்சாலைக்குள் வரும்போது அதில் நான்கில் மூன்று பங்கு நீர். அதை விரட்டவே இத்தனை விறகு. திறந்த குளத்தில் ஒரு லீற்றருக்கு அரைக் கிராம் பாசி இருந்தால் நல்ல விளைச்சல். ஒரு கிலோ உலர்பாசிக்கு 2,000 லீற்றர் நீரை வடிக்க வேண்டும். கால்பங்கு எண்ணெய் என்றால், ஒரு லீற்றர் டீசலுக்கு ஏறத்தாழ 7,000 லீற்றர். பாசி தானாக அடியில் படியாது, வலையிலும் சிக்காது, அத்தனை நுண்மை. படிகாரம் போட்டுத் திரட்ட வேண்டும், அல்லது மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்ற வேண்டும். அப்படி ஐந்தில் ஒரு பங்கு திடமான கூழாக்கினாலும், ஒவ்வொரு கிலோ பாசியோடும் நான்கு கிலோ நீர் ஒட்டியிருக்கும். அதை ஆவியாக்க, பாசி எரிந்து தரக்கூடிய வெப்பத்தில் பாதி போய்விடும். நீரிறைக்கும் மின்சாரம், சுழற்றும் மின்சாரம், உரம் செய்யச் செலவான எரிவாயு எல்லாம் சேர்ந்தால் கைக்கு மிஞ்சுவது சொற்பம். காய வைக்காமலே ஈரக்கூழை 300 பாகைக்கு மேல் சூடாக்கி, பேரழுத்தத்தில் கச்சா எண்ணெயாக மாற்றும் முறை ஒன்று இருக்கிறது. பாசி எண்ணெய்க்கு இன்னும் எதிர்காலம் உண்டென்றால் அது இந்த வழியில்தான் என்று நம்புவோர் பலர். ஆனால் அது சுத்திகரிப்பு ஆலையின் வேலை. தோட்டத்து ஸ்டோருக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டுச் செய்யும் காரியமல்ல.

ஊவா என்றால் மலை மட்டுமல்ல. மகியங்கனையும் வெல்லஸ்ஸவும் மொனராகலையும் இதே மாகாணம். சூடான, பெருமளவு சமமான தரை. புத்தலைக்கு அருகே பெல்வத்தையிலும், செவனகலையிலும் 1980களில் தொடங்கிய சீனி ஆலைகள் இருக்கின்றன. 2011இல் அரசு அவற்றை மீளக் கையேற்றது. சீனி போக எஞ்சும் பாகிலிருந்து அங்கே எத்தனோல் வடிக்கிறார்கள். பிரேசிலில் 1975 முதல் வண்டிகளுக்குப் போகும் அதே சரக்கு, இங்கே பெரும்பாலும் சாராயப் போத்தலுக்குப் போகிறது. ஊவாவில் பாசிக்கு ஓர் இடம் உண்டென்றால் அது இங்கேதான் என்பது இத்தொடரின் கணிப்பு. நொதித்தல் தொட்டியிலிருந்து கிளம்புவது ஏறக்குறைய தூய கரியமில வாயு. வடித்தபின் வரும் கழிவுநீரில் நைட்ரஜனும் பொட்டாசியமும் இருக்கின்றன, எனவே உரச் செலவு பெருமளவு குறையும். இரவுக் குளிரும் இல்லை. ஆனால் அந்தக் கழிவுநீர் கறுப்பு; பல மடங்கு நீர் கலந்தால்தான் வெயில் உள்ளே இறங்கும். மொனராகலை மாவட்டத்தில் மாதக்கணக்கில் மழை பொய்க்கும் காலத்தில் அந்த நீருக்கு நெல்லும் கரும்பும் மனிதரும் முன்வரிசையில் நிற்பார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்வது முதல் நோக்கம், பாசி அதன் உபரி என்று தொடங்கினால் ஒருவேளை தாக்குப்பிடிக்கலாம். டீசலுக்காகவே தொடங்கினால் ரொஸ்வெல்லின் கதைதான்.

2022இல் இக்கேள்விகளெல்லாம் ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அதற்கு முன்பே மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலத்தைத் தொட்டிருந்தது. கொழுந்துக்குப் பொறுமை கிடையாது. பறித்து வந்தபின் மின்சாரம் இல்லையென்றால் அது வாடும், சிவக்கும், வீணாகும். மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை, கொழுந்து ஏற்றும் லொறிக்கும் இல்லை. ட்ரையரின் உலை மட்டும் விறகில் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் சூட்டை ஊதும் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே. லயத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமற்போக, மிலாறுக் கட்டுகளுக்கு மறுபடி கிராக்கி ஏறியது.

பாசி வராத அந்த இடத்தில் இதுவரை வந்திருப்பது சாதாரண வேலிச் செடி ஒன்று. கிளிரிசீடியா. 2005இல் அரசு அதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. கிளையை ஒடித்து நட்டால் போதும், சரிவிலும் நிற்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், தன் நைட்ரஜனைக் காற்றிலிருந்து தானே பிடித்துக்கொள்ளும், இலை தேயிலைக்கே உரமாகும். வெட்டிப் போட்டால் வெயிலும் காற்றும் பெருமளவு காய வைத்துவிடும். மகியங்கனையில் டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் 5 மெகாவாட் மின்நிலையம் இத்தகைய விறகில்தான் ஓடுகிறது. எண்ணெய் தராது, லொறியை ஓட்டாது என்பது அதன் குறை. அந்தக் குறையை நிரப்பத்தான் உலகம் இன்னும் பாசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஊவாவின் நீரை மின்சாரமாக்கும் திட்டமோ இதற்கெல்லாம் முன்பே நிலத்துக்கடியில் நுழைந்துவிட்டது. 2014 டிசெம்பரில், பண்டாரவளைப் பகுதிக்குக் கீழே உமா ஓயாச் சுரங்கம் தோண்டிய இயந்திரத்தின் முன்னால் நிலத்தடி நீர் பீறிட்டது; மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அடுத்த அத்தியாயம் அங்கிருந்து.